வாடகைத் தாய் ஏற்பாடு செய்து தருகிறேன் என்று முன்பணம் கேட்கிறார்களா? கொடுப்பதற்கு முன்னால் இதைப் படியுங்கள்

கோவை, திருப்பூர், ஈரோடு பக்கம் குழந்தைக்காக ஆஸ்பத்திரி ஏறி இறங்குகிற தம்பதிகள் அவசியம் தெரிந்துகொள்ள வேண்டும் என்றுதான் இதை எழுதுகிறேன். வாடகைத் தாய் ஏற்பாடு, அதற்கான பேப்பர் வேலை எல்லாம் முடித்துத் தருகிறோம் என்று எங்களிடம் மூன்றரை லட்சம் வாங்கினார்கள். ஒரு சான்றிதழ்கூட வரவில்லை. பணம் போனதைவிடக் கொடுமை, இந்த இழுத்தடிப்பில் என் கணவருக்கு 55 வயது முடிந்துவிட்டது. சட்டத்தின் கதவு எங்களுக்கு மூடிவிட்டது.

ஃபைப்ராய்டு கட்டியும் தீராத ரத்தப்போக்குமாக இருந்ததால் எனக்குக் கர்ப்பப்பையை எடுத்துவிட்டார்கள். சினைப்பைகள் இருக்கின்றன. 2024இல் என் கருமுட்டையையும் அவருடைய விந்தணுவையும் வைத்தே கரு உண்டாக்கி உறைய வைத்தோம். அடுத்த வருடத் தொடக்கத்தில் வாடகைத் தாய் பற்றிக் கேட்டபோது எனக்கு 42, அவருக்கு 54. நாங்கள் போன கருத்தரிப்பு மையத்தில் கோஆர்டினேட்டர் என்று ஒருவர் உட்கார்ந்திருந்தார். "கவலையே படாதீங்கக்கா, போர்டு, கோர்ட்டு எல்லாம் நான் பாத்துக்கறேன்" என்றார்.

2022 ஜனவரி 25 முதல் நடைமுறையில் இருக்கும் வாடகைத் தாய் ஒழுங்குமுறைச் சட்டப்படி மனைவிக்கு 23 முதல் 50 வரை, கணவருக்கு 26 முதல் 55 வரை வயது இருக்க வேண்டும். இதைப் பலரும் அறிவார்கள். பலருக்குத் தெரியாதது, அந்த வயதை எந்த நாளில் கணக்கிடுகிறார்கள் என்பது. நீங்கள் விண்ணப்பம் போட்ட நாளை வைத்து அல்ல, சான்றிதழ் தருகிற நாளை வைத்துத்தான். ஆக, யாராவது உங்களை ஆறு மாதம் இழுத்தடித்தால் அந்த ஆறு மாதமும் உங்கள் வயதுக் கணக்கில்தான் கழியும்.

இத்தனைக்கும் எங்களுக்குத் தகுதி இருந்தது. வேறு பிள்ளை இல்லை. அறுவை சிகிச்சையில் கர்ப்பப்பையை இழந்தவர்கள் வாடகைத் தாயை நாடலாம் என்று 2022ஆம் ஆண்டு விதிகளிலேயே இருக்கிறது. நேர்வழியில் போயிருந்தால் மாவட்ட மருத்துவக் குழுவிடம் (அவர் போர்டு என்றது இதைத்தான்) மருத்துவக் காரணச் சான்று வாங்கியிருப்போம். அப்புறம் எங்களையும் குழந்தையைச் சுமக்கப் போகிற பெண்ணையும் சேர்த்து, முதல் வகுப்பு மாஜிஸ்திரேட்டிடம் மனு போட்டுப் பெற்றோர் யார் என்பதற்கான உத்தரவு. அந்தப் பெண்ணுக்கு 36 மாத இன்சூரன்ஸ். இவை கையில் இருந்தால்தான் உரிய அதிகாரி அவசியச் சான்றிதழ் தருவார். எங்களுக்கும் அந்தப் பெண்ணுக்கும் தனித்தனியாகத் தகுதிச் சான்றிதழும் வேண்டும். கோஆர்டினேட்டர் இதில் ஒன்றைக்கூடத் தொடங்கவில்லை. கேட்கும்போதெல்லாம் "ஃபைல் போர்டுல இருக்குதுக்கா" என்பார். கடைசியில் நானே மாவட்ட மருத்துவத் துறை இணை இயக்குநர் (ஜே.டி.) ஆபீஸுக்குப் போனேன். அங்கிருந்த அம்மா பதிவேட்டைப் பக்கம் பக்கமாகத் திருப்பி விரலை ஓட்டிப் பார்த்துவிட்டு, "உங்க பேர்ல மனுவே வரலையேம்மா" என்றார்.

அதற்கு நடுவில் ஒரு பெண்ணை அழைத்து வந்து காட்டினார்கள். பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒரு பேக்கரியில் சந்திப்பு. கோஆர்டினேட்டர் போன் பேச வெளியே போனதும், "உனக்கு எத்தனை குழந்தைங்க கண்ணு?" என்று கேட்டேன். ஒரு பையன் என்றாள். கொஞ்ச நேரம் டீ டம்ளரையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "ரெண்டு வருசத்துக்கு முன்னாடி வேற ஒருத்தருக்கும் பெத்துக் குடுத்தனுங்க. பேசின காசுல பாதிதான் வந்துச்சு" என்றாள். ஒரு பெண் வாழ்நாளில் ஒரே ஒரு முறைதான் வாடகைத் தாயாக இருக்கலாம், அதுவும் 25 முதல் 35 வயதுக்குள் என்பது சட்டம். இன்சூரன்ஸ் என்ற சொல்லையே அவள் அதுவரை கேள்விப்படவில்லை. எங்களை ஏமாற்றியதைவிட அவளை நடத்திய விதம்தான் எனக்கு ஆறவே இல்லை.

அடுத்ததாக அவளை என் கணவரின் தங்கை என்று காட்ட ஒரு பேப்பர் தயாரிக்கலாம், அதற்குத் தனியாக நாற்பதாயிரம் என்றார்கள். வாடகைத் தாய் நெருங்கிய சொந்தமாகத்தான் இருக்க வேண்டும் என்று பலர் இன்னும் நம்புகிறார்கள். 2019 மசோதாவில் அப்படி இருந்தது. நிறைவேறிய சட்டத்தில் அது இல்லை. மனமுவந்து முன்வருகிற, கல்யாணமாகிச் சொந்தக் குழந்தை உள்ள பெண் போதும். இல்லாத விதிக்குப் பொய்ப் பத்திரம், அதற்கும் ஒரு விலை!

பிறகு நூறு ரூபாய் ஸ்டாம்ப் பேப்பரில் ஒரு ஒப்பந்தம் நீட்டினார்கள். அந்தப் பெண்ணுக்கு ஆறு லட்சம் 'ஈட்டுத்தொகை' என்று அதில் இருந்தது. மருத்துவச் செலவு, இன்சூரன்ஸ் போன்றவை தவிரக் கூலியாக ஒரு பைசா கொடுத்தாலும் அது வணிக வாடகைத் தாய் முறை, முழுக்கத் தடை. அதை நடத்துகிறவர்களுக்குப் பத்து வருடம் வரை சிறை. நாடிப் போகிற தம்பதிக்கும் முதல் முறையே ஐந்து வருடம் வரை சிறையும் ஐந்து லட்சம் வரை அபராதமும் உண்டு. நாங்கள் கையெழுத்துப் போட மறுத்து, பணத்தைத் திருப்பிக் கேட்டோம். "போலீசுக்குப் போனீங்கன்னா நீங்களும்தான் உள்ள போவீங்க" என்று பதில் வந்தது. இந்த ஒரு மிரட்டலை வைத்துத்தான் எத்தனையோ பேரின் வாயை அடைக்கிறார்கள்.

இதெல்லாம் நடந்தும் விடவில்லை. 2025 அக்டோபரில் ஒரு செய்தித் துணுக்கை வாட்ஸ்அப்பில் அனுப்பி, சுப்ரீம் கோர்ட்டே வயது வரம்பை எடுத்துவிட்டது, மீதிப் பணத்தைக் கட்டுங்கள் என்றார்கள். தீர்ப்பு உண்மைதான். நீதிபதிகள் நாகரத்னா, விஸ்வநாதன் அமர்வு அக்டோபர் 9ஆம் தேதி சொன்னது. ஆனால் அது, சட்டம் அமலுக்கு வரும் முன்பே கரு உண்டாக்கி உறைய வைத்து, வாடகைத் தாய்க்கான முயற்சியில் இருந்தவர்களுக்கு. எங்கள் கரு 2024இல் உண்டானது. கருமுட்டை தானம் தேவைப்படுகிறவர்களிடமும் இதே வேலையைத்தான் செய்கிறார்கள். 2023 மார்ச்சில் தானக் கருமுட்டையைத் தடுத்த விதி, 2024 பிப்ரவரியில் தளர்த்தப்பட்டது. அந்தத் தளர்வுக்கும் மாவட்ட மருத்துவக் குழுவின் சான்று வேண்டும், தம்பதியில் ஒருவருடைய கருமுட்டையோ விந்தணுவோ இருக்க வேண்டும் என்பதை மட்டும் சொல்ல மாட்டார்கள்.

சட்டத்தின் மீதும் எனக்குக் கோபம் உண்டு. வயதை விண்ணப்பித்த நாளில் கணக்கிடுங்கள் என்பது நியாயமான கோரிக்கை. அரசு அலுவலகத்தில் ஆகும் தாமதத்துக்கு ஒரு பெண்ணின் 50ஆவது பிறந்தநாள் ஏன் பலியாக வேண்டும்? கணவரை இழந்தவர்களும் விவாகரத்தானவர்களும் 35 முதல் 45 வயதுக்குள் விண்ணப்பிக்கலாம், கல்யாணமே ஆகாத பெண் கூடாது என்பதும் எனக்கு விளங்கவில்லை. இப்படி வழியில்லாமல் நிற்கிறவர்களைத்தான் இந்தக் கும்பல் தேடிப் பிடிக்கிறது.

நீங்கள் இப்போது ஒரு மையத்தில் பேசிக்கொண்டிருந்தால், வாடகைத் தாய் கிளினிக் என்ற பதிவுச் சான்றிதழைக் காட்டச் சொல்லுங்கள். ஐ.வி.எஃப். செய்வதற்கான பதிவு வேறு, இது வேறு. எல்லோர் கண்ணிலும் படும்படி மாட்டியிருக்க வேண்டும். எங்கள் மையத்தில் ஐ.வி.எஃப். பதிவு மட்டும்தான் இருந்தது. மாவட்ட மருத்துவக் குழுவுக்கான மனுவின் நகலும் ஒப்புகையும் உங்கள் கைக்கு வராமல் யாருக்கும் பணம் கட்டாதீர்கள்.

நாங்கள் கட்டிய பணம் ஜிபேயில் ஒரு தனிநபர் கணக்குக்குப் போனது. ரசீதில் 'கன்சல்டேஷன்' என்று மட்டும் எழுதித் தந்தார்கள். வக்கீலைக் கலந்து பேசிவிட்டு இணை இயக்குநர் அலுவலகத்திலும் காவல் நிலையத்திலும் எழுத்தில் புகார் கொடுத்திருக்கிறோம், விசாரணை நடக்கிறது. உங்களிடமும் அப்படி ரசீது இருந்தால், வாட்ஸ்அப் பேச்சு இருந்தால், எதையும் அழித்துவிடாதீர்கள். ஒரு வக்கீலிடம் காட்டிவிட்டு உங்கள் மாவட்ட அலுவலகத்தில் நீங்களும் எழுதிக் கொடுங்கள்.