ஆலோசகரை மாற்றுவதா, சிகிச்சையை மாற்றுவதா?

சிறுபான்மை இனத்தவர் போதை மீட்பு மையத்துக்கு வந்தால், அவர்களின் இனத்தைச் சேர்ந்த ஆலோசகரை நியமிப்பது ஒரு வழி. ஆலோசகர் யாராக இருந்தாலும், சிகிச்சையையே அந்த மக்களின் மொழிக்கும் நம்பிக்கைக்கும் ஏற்ப மாற்றுவது இன்னொரு வழி. இரண்டையும் செய்ய ஆளும் பணமும் இல்லையென்றால் நான் இரண்டாவதைத்தான் முதலில் செய்யச் சொல்வேன்.

முதல் வழியால், மையத்துக்குள் வரத் தயங்குவது குறைகிறது. அது சின்ன விஷயமில்லை. ஆனால் உளநல சிகிச்சை ஆய்வுகளைத் திரட்டி 2011-இல் வெளியான அலசலில், மக்கள் தம் இன ஆலோசகரை விரும்பினாலும், குணமாவதில் சராசரியாக வித்தியாசம் ஏறக்குறைய இல்லை. சின்ன சமூகங்களில், ஆலோசகர் சொந்தக்காரருக்குத் தெரிந்தவராக இருந்து பேச்சு வீடுவரை போய்விடுமோ என்ற பயமும் சேரும்.

இரண்டாவது வழிக்கு வருவோம். பண்பாட்டுக்கேற்ப மாற்றிய உளநல சிகிச்சைகள் குறித்த 76 ஆய்வுகளை 2006-இல் தொகுத்தபோது, தாய்மொழியில் நடந்தவை ஆங்கிலத்தில் நடந்தவற்றைவிட இருமடங்கு பலன் தந்திருந்தன. பல இனத்தவரையும் கலந்து நடத்தியதைவிட, ஒரே இனத்தாருக்கென்று அமைத்தவை நான்கு மடங்கு. ‘சிறுபான்மையினர்’ என்று எல்லாரையும் ஒரே மூட்டையாகக் கட்டினால் பலன் கரைந்துவிடுகிறது.

மாற்றம் எவ்வளவு ஆழமாகப் போக வேண்டும்? குடியை விட விரும்புவோர் ஒருவருக்கொருவர் துணைநிற்கும் ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் அமைப்பின் 12 படிகளில் முதல் படி, குடியின் முன் தாம் சக்தியற்றவர் என்று ஒப்புக்கொள்வது. நிலமும் மொழியும் பறிக்கப்பட்ட அமெரிக்கப் பழங்குடியினரிடம் மறுபடியும் ‘நீ சக்தியற்றவன்’ என்று சொன்னால் அது எப்படிக் காதில் விழும்? அமெரிக்கப் பழங்குடியினரின் போதை மீட்பு இயக்கமான வெல்பிரைட்டி, அந்தப் படிகளை மருத்துவச் சக்கரம் என்னும் அவர்களின் புனிதச் சின்னத்தின் வட்டத்துக்குள் கொண்டுவந்து கற்பிக்கிறது. கனடாவின் அல்கலி லேக் என்ற பழங்குடிக் கிராமத்தில் 1970-களில் ஒரு தம்பதி குடியை விட்டார்கள். அவர்களைத் தொடர்ந்து ஊரில் பெரும்பாலோர் விட்டார்கள். மரபுச் சடங்குகள் அங்கே மீண்டும் உயிர்பெற்றன.

இந்த வழியிலும் ஒரு பள்ளம் உண்டு. பழங்குடியில் பிறந்தவர் எல்லாரும் வியர்வைக் குடில் சடங்கை (சூடான கற்களின் ஆவி நிறைந்த குடிலில் அமர்ந்து வழிபடுவது) தேடுவதில்லை; சிலர் தேவாலயம் போகிறவர்கள், சிலருக்கு எந்தச் சடங்கும் வேண்டாம். இனத்தைப் பார்த்து நாமே முடிவு கட்டாமல், வந்தவரிடம் கேட்க வேண்டும். அமெரிக்காவின் ‘பிராஜெக்ட் மேட்ச்’ ஆய்வில் குடிப்பழக்கத்துக்கான மூன்று சிகிச்சைகள் ஒப்பிடப்பட்டன. அதிலிருந்த பழங்குடியினருக்கு, வற்புறுத்தாமல் மாறுவதற்கான காரணத்தை அவர்கள் வாயிலிருந்தே வரவழைக்கும் ஊக்க உரையாடல் முறையே கூடுதலாக உதவியது. அவர்கள் 25 பேர்தான்; ஆனாலும் திசை தெரிகிறது.

ஹெராயின் போன்ற ஓபியாயிட் வகைப் போதைப்பொருள் பழக்கம் உள்ளவருக்கு எந்த வழியைத் தேர்ந்தாலும் மெத்தடோன், புப்ரனார்ஃபின் போன்ற சிகிச்சை மருந்துகளை நிறுத்தச் சொல்லக் கூடாது. அவை உயிர் காப்பவை.