மோரிஸ் மைனரா, எம்.ஜி. மிட்ஜெட்டா? துருவைப் பார்த்து முடிவெடுங்கள்

இங்கிலாந்தில் அறுபதுகளின் கார் ஒன்றை அளவான செலவில் வாங்கி, தானே பராமரித்து ஓட்ட நினைக்கிறவர்கள் பலரும் கடைசியில் மோரிஸ் மைனர் என்ற குடும்பக் காருக்கும் எம்.ஜி. மிட்ஜெட் என்ற இரண்டு இருக்கை ஸ்போர்ட்ஸ் காருக்கும் நடுவில் வந்து நிற்கிறார்கள். நானும் நின்றேன். வாங்கியது மைனர்: 1965ஆம் வருடத்தது, இரண்டு கதவு, 1098 சிசி. என் சாய்வு எந்தப் பக்கம் என்பது இதிலேயே தெரிந்திருக்கும்.

இரண்டும் ஒரே குடும்பம். மைனர் ஆக்ஸ்போர்டை ஒட்டிய கௌலி தொழிற்சாலையில் பிறந்தது; மிட்ஜெட் சில மைல் தெற்கே ஆபிங்டனில். அலெக் இஸிகோனிஸ் வடிவமைத்த மைனர் 1948இல் வெளிவந்து எழுபதுகளின் தொடக்கம் வரை ஓடியது. பிரிட்டனில் பத்து லட்சம் விற்ற முதல் கார் அதுதான். 1961இல் வந்த மிட்ஜெட்டுக்கும் அதே ஏ-சீரிஸ் எஞ்சின். 1962 முதல் சில ஆண்டுகள் இரண்டிலும் 1098 சிசிதான். மைனருக்கு ஒரு கார்புரேட்டர், மிட்ஜெட்டுக்கு இரண்டு. ஆகவே எஞ்சினை வைத்து இந்த வழக்கைத் தீர்க்க முடியாது.

வேகம், வளைவில் பிடிமானம், பிரேக் மூன்றிலும் மிட்ஜெட்டுக்கே வெற்றி. அதன் முன்சக்கரங்களில் 1962இலேயே டிஸ்க் பிரேக் வந்துவிட்டது. மைனருக்குக் கடைசிவரை நான்கு சக்கரங்களிலும் டிரம் பிரேக்தான். குடும்பத்தோடு போக வேண்டுமென்றால் மைனரைத் தவிர வழியில்லை. இதற்கு மேல் இதைப் பேச ஒன்றுமில்லை.

பேச வேண்டியது துருவைப் பற்றி. குளிர்காலத்தில் சாலையில் தூவும் உப்பும் ஓயாத ஈரமும் சேர்ந்து இந்த ஊர்க் கார்களை அடியிலிருந்து தின்கின்றன. எஞ்சின் பழுதானால் வாரக் கடைசியில் கழற்றி மாட்டிவிடலாம். தகடு போய்விட்டால் வெல்டிங் செலவு காரின் விலையையே தாண்டிவிடும். இரண்டு கார்களுக்கும் தனி சேஸிஸ் கிடையாது, உடம்பே எலும்புக்கூடு. வித்தியாசம் கூரையில் இருக்கிறது. சலூன் எனப்படும் நிலையான கூரை கொண்ட மைனரில் கூரையும் தூண்களும் சுமையைப் பங்கிட்டுக்கொள்கின்றன. மிட்ஜெட்டுக்குக் கூரையே இல்லை. கதவுக்குக் கீழே முன்னிருந்து பின்னாக ஓடும் சில் என்ற பெட்டிப் பகுதிதான் காரை வளையாமல் பிடித்து நிறுத்துகிறது. அது உள்ளிருந்து உளுத்தால் கார் நடுவில் தொய்யத் தொடங்கும்.

மிட்ஜெட் பார்க்கப் போனால் பெயின்ட்டின் பளபளப்பில் மயங்காமல் கதவின் பின்விளிம்பைப் பாருங்கள். அங்கே இடைவெளி மேலே நெருங்கி, கீழே விரிந்து வந்தால் உடம்பு தொய்ந்துவிட்டது. பிறகு சில்லின் அடிவிளிம்பை விரலால் தடவுங்கள். பழைய துருவை வெட்டி எடுக்காமல் அதன் மேலேயே புதுத் தகட்டைப் பற்றவைத்து விற்கிறவர்கள் உண்டு. அப்படிச் செய்த இடத்தில் விளிம்பு தடிப்பாக, அடுக்கடுக்காகக் கையில் படும். அதைச் சரியாகச் செய்ய வேண்டுமென்றால் கதவு வாசலுக்குக் குறுக்கே முட்டுக் கொடுத்து நிறுத்திய பிறகே பழைய சில்லை அறுக்க வேண்டும். முட்டில்லாமல் அறுத்தால் தொய்வு நிரந்தரமாகிவிடும். கைதேர்ந்தவர் செய்கிற வேலை அது.

மைனர் துருப்பிடிக்காது என்று நான் சொல்லவில்லை. முன்சீட்டுக்கு அடியில் குறுக்கே ஓடும் சட்டமும், பின் ஸ்பிரிங் மாட்டியிருக்கும் இடமும் அதன் பலவீனங்கள். முன் சஸ்பென்ஷனின் முறுக்குக் கம்பிகள் அந்தக் குறுக்குச் சட்டத்தில்தான் வந்து பிடிக்கின்றன. அது உளுத்திருந்தால் வாங்கவே வேண்டாம். ஆனால் நான்கு மட்கார்டுகளும் போல்ட்டில் நிற்பவை. ஸ்பேனரும் பொறுமையும் இருந்தால் வீட்டு முற்றத்திலேயே கழற்றி, பின்னால் ஒளிந்திருக்கும் துருவைச் சுரண்டிப் பூசி மறுபடி மாட்டலாம். மிட்ஜெட்டின் பின் மட்கார்டுகள் உடம்போடு பற்றவைத்தவை. என் முடிவுக்கு இந்த ஒரு காரணமே போதுமாக இருந்தது.

மைனரில் எரிச்சலூட்டும் இடங்களும் உண்டு. பிரேக்கின் மாஸ்டர் சிலிண்டரை ஓட்டுநரின் காலடித் தரைக்குக் கீழே சட்டத்துக்குள் செருகியிருக்கிறார்கள். அதன் போல்ட்டை உருவப் போனால் முறுக்குக் கம்பி குறுக்கே நிற்கும். இரண்டாவது, முன்சக்கரம் திரும்ப உதவும் டிரன்னியன் என்ற மரையிட்ட மூட்டு. கிரீஸ் இல்லாமல் மரை தேய்ந்தால், மெதுவாகத் திருப்பும்போதே சக்கரம் மடிந்து கார் மூக்கைத் தரையில் வைத்துவிடும். மைனர் வைத்திருப்பவர் கிரீஸ் கன்னும் வைத்திருக்க வேண்டும். மிட்ஜெட்டின் முன்சக்கரம் திரும்பும் அச்சான கிங்பின்னுக்கும் இதே கவனிப்பு தேவை.

உதிரிபாகம் இரண்டுக்கும் தாராளமாகக் கிடைக்கிறது. மைனருக்கு இலங்கையிலேயே தகடுகளும் பாகங்களும் செய்து இங்கிலாந்துக்கு அனுப்பியிருக்கிறார்கள். அங்கே இந்த வண்டிகள் அவ்வளவு காலம் சாலையில் நிலைத்தன. பொருளாதாரத் தடைக் காலத்தில் யாழ்ப்பாணத்து மோரிஸ்களும் ஆஸ்டின்களும் மண்ணெண்ணெயில் ஓடியதை அந்த ஊர்க்காரர்கள் இன்றும் பெருமையோடு சொல்வார்கள். சொல்ல உரிமையுள்ள பெருமை அது.

நான் மிட்ஜெட்டை நண்பர்களிடம் வாங்கி ஓட்டியிருக்கிறேனே தவிர, ஒரு குளிர்காலம் முழுக்க அதனோடு வாழ்ந்ததில்லை. துணிக்கூரை மழையில் எவ்வளவு ஒழுகும் என்பதை அதை வைத்திருப்பவர்களிடம்தான் கேட்க வேண்டும். மறுவிற்பனையிலும் நான் கவனித்தவரை பெரிய வித்தியாசமில்லை. விலையை முடிவு செய்வது காரின் நிலைதான்.

தனியாளாக இருந்து, கராஜும் வெல்டிங் தெரிந்த நண்பரும் வாய்த்தவருக்கு மிட்ஜெட் தரும் மகிழ்ச்சியை மைனர் தராது. அப்படியென்றால் 1966 முதல் 1974 வரை வந்த 1275 சிசி வண்டியைத் தேடுங்கள். அதற்குப் பிந்தியவற்றில் ரப்பர் பம்பர் வந்தது, அமெரிக்க விதிகளுக்காகத் தரையிலிருந்து உயரமும் கூடியது, எஞ்சினும் டிரையம்ஃப் நிறுவனத்துடையதாகிவிட்டது. மைனர் என்றால் 1962க்குப் பிந்திய 1098 சிசி சலூன். கன்வெர்டிபிள் மைனருக்கு ஆசைப்பட்டால், அது தொழிற்சாலையிலிருந்தே அப்படி வந்ததா என்று சேஸிஸ் எண்ணை வைத்துப் பாருங்கள். சலூனின் கூரையை அறுத்து விற்பவையும் சந்தையில் இருக்கின்றன. மிட்ஜெட்டில் எந்தக் காரணத்துக்காக நான் தயங்கினேனோ, அதுவே அவற்றில் இன்னும் மோசமாக இருக்கும்.