பழைய டைம் ஸ்விட்சைப் 'புதுசாக்கித் தருகிறேன்' என்பவரிடம் கொடுப்பதற்கு முன்

பழைய மின்சாரச் சாமான்களைப் புதுப்பித்துத் தருவதாக இன்ஸ்டாகிராமில் அழகழகாகப் படம் போடும் ஒருவர் சென்னையில் இருக்கிறார். அவரிடம் என் மாமனாருடைய டைம் ஸ்விட்சைக் கொடுத்து 9,500 ரூபாய் கட்டினோம். திரும்பி வந்தது பளபளவென்று இருந்தது. அதன் இரும்புப் பெட்டியில் கரண்டும் கசிந்தது.

பொருளைப் பார்க்காதவர்களுக்காகச் சொல்கிறேன். இப்போது மோட்டாருக்கும் வாசல் விளக்குக்கும் டிஜிட்டல் டைமர் வைக்கிறோம் இல்லையா, அந்த வேலையை அந்தக் காலத்தில் சாவி கொடுக்கும் கடிகாரம் செய்தது. 24 மணி நேரத்தில் ஒரு சுற்றுச் சுற்றும் டயலின் விளிம்பில் சின்ன நெம்புகோல்கள் இருக்கும். ஒன்று விளக்கைப் போடும், இன்னொன்று அணைக்கும். பாத் நகரத்தின் ஹார்ஸ்ட்மன், நியூ மால்டனின் வென்னர், என்ஃபீல்டின் சங்கமோ வெஸ்டன் என்று இங்கிலாந்துக் கம்பெனிகள் இதைத் தெருவிளக்குக்கும் கடைகளுக்கும் செய்து தள்ளின. எங்களுடையது வென்னர். புரசைவாக்கத்தில் மாமனார் கடை வைத்திருந்தபோது பெயர்ப்பலகை விளக்கை இதுதான் பார்த்துக்கொண்டது. கடிகாரம் ஸ்பிரிங்கில் ஓடுவதால் கரண்ட் போனாலும் நேரம் தவறாது. நம் ஊருக்கு இதைவிட என்ன வேண்டும்? அதனால்தான் போர்டிகோ விளக்குக்கு மறுபடி மாட்ட ஆசைப்பட்டோம்.

பட்டறைக்காரர் பேச்சில் குறை சொல்ல முடியாது. "சார், இது சோலார் டயல் மாடல். சூரியன் மறையற நேரத்துக்குத் தானே மாறிக்கும். சென்னைக்கு செட் பண்ணித் தரேன், அதுக்கு மட்டும் தனியா 1,500" என்றார். சோலார் டயல் என்று ஒன்று உண்டு, அது பொய்யில்லை. ஆனால் அதன் பற்சக்கர அமைப்பு இங்கிலாந்தின் சூரியனுக்காக வெட்டப்பட்டது. லண்டனில் குளிர்காலத்தில் நாலு மணிக்கு முன்பே இருட்டிவிடும், கோடையில் ஒன்பது தாண்டியும் வெளிச்சம் இருக்கும். சென்னையில் வருஷம் முழுக்கப் பார்த்தாலும் மாலை 5.40க்கும் 6.40க்கும் நடுவில்தான் சூரியன் மறைகிறது. அந்தச் சக்கரத்தை மாற்றாமல் சென்னைக்கு 'செட்' பண்ண எதுவும் இல்லை. சக்கரத்தை அவர் தொடவே இல்லை என்பது பின்னால் தெரிந்தது.

மாட்டிவிட்டுப் போனது அவருடைய பையன். முதல் வாரத்திலேயே இரண்டு கோளாறு. விளக்கு நாள்தோறும் கொஞ்சம் கொஞ்சமாக முந்திப்போய், வாரக் கடைசியில் நாலு மணி வெயிலிலேயே எரிந்தது. அணைந்த பிறகும் எல்இடி பல்பு மங்கலாக மினுக்கிக்கொண்டே இருந்தது. போன் செய்தால், "எல்இடின்னா அப்படித்தான் சார், குண்டு பல்பு போடுங்க" என்றார். அப்புறம் ஒரு மழை நாளில், சாவி கொடுக்க மூடியைத் திறந்த என் மனைவிக்குக் கையில் சுர்ரென்று இழுத்தது. காலில் செருப்பு இருந்தது, பிழைத்தோம். அன்றைக்கே மெயினை அணைத்துவிட்டு, லைசென்ஸ் உள்ள வயர்மேன் ஒருவரைக் கூப்பிட்டோம்.

அவர் முதலில் பெட்டியின் அடியில் இருந்த எர்த் ஸ்க்ரூவைத்தான் பார்த்தார். அதன்மேல் நீல நிறப் பவுடர் கோட்டிங் அப்பியிருந்தது. வயர் எதுவும் இல்லை. போர்டிலிருந்து வந்ததே இரண்டு கம்பி வயர், மூன்றாவது கம்பிக்கு இடமே இல்லை. "சார், இரும்புப் பெட்டிக்கு எர்த் இல்லேன்னா உள்ள லீக் ஆகற கரண்டுக்குப் போக வழி கிடையாது. ஆர்சிசிபி, அதான் லீக் ஆனா தானா கட் பண்ற ஸ்விட்ச், இருந்தாலும் அதுவா விழாது. யாராவது தொட்டாத்தான் வழி கிடைக்கும்" என்றார் வயர்மேன். 30 மில்லிஆம்பியர் ஆர்சிசிபி போட்டிருக்கிறோம், இனிப் பயமில்லை என்று இருப்பவர்கள் இதைக் கொஞ்சம் யோசியுங்கள்.

அடுத்தது அந்த மினுக்கல். கரண்ட் வரும் பேஸ் (phase) கம்பியை நேராக ஹோல்டருக்குக் கொடுத்துவிட்டு, அது திரும்பிப் போகும் நியூட்ரல் கம்பியை ஸ்விட்ச் வழியாக விட்டிருந்தார்கள். அதாவது விளக்கு அணைந்திருந்தாலும் ஹோல்டரில் 230 வோல்ட் இருந்துகொண்டே இருக்கும். அணைந்துதானே இருக்கிறது என்று நம்பி யாராவது பல்பு மாற்றப் போனால் என்ன ஆகியிருக்கும்! எல்இடி மினுக்க வேறு காரணங்களும் உண்டு, ஆனால் சோதித்துப் பார்க்காமல் 'அப்படித்தான்' என்று சொல்பவரை நம்பாதீர்கள்.

கரண்ட் பெட்டிக்கு வந்தது எப்படி? உள்ளே இருந்தது துணி சுற்றிய பழைய ரப்பர் வயர். இத்தனை வருஷத்தில் ரப்பர் காய்ந்து, தொட்டாலே உதிர்கிறது. அதை மாற்றுவதுதான் இந்த வேலையின் முதல் படி. பட்டறைக்காரர் அதன் மேலே கறுப்பு டேப் சுற்றி, டேப் தெரியாமல் பெயின்ட்டும் அடித்திருந்தார். வயரில் கரண்ட் கசிகிறதா என்று சோதிக்கும் மெக்கர் கருவியை வைத்து வயர்மேன் 500 வோல்ட்டில் பார்த்தபோது முள் கிட்டத்தட்ட சைபரில் நின்றது. 1 மெகாஓமாவது இருக்க வேண்டும்.

கடிகாரத்தைத் தெரிந்த ஒரு வாட்ச் ரிப்பேர் பெரியவரிடம் காட்டினேன். பிரித்துக் கழுவவே இல்லை, தையல் மிஷின் எண்ணெயை மொத்தமாக ஊற்றியிருக்கிறான் என்றார். எண்ணெய், கடிகாரத்தின் வேகத்தைக் கட்டுப்படுத்தும் மெல்லிய ஹேர் ஸ்பிரிங்கில் ஏறி, சுருள்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டால் ஸ்பிரிங்கின் நீளம் குறைந்த மாதிரி ஆகிவிடும், கடிகாரம் தலைதெறிக்க ஓடும். நாலு மணி விளக்கின் ரகசியம் இதுதான். கரண்டைச் சேர்த்துப் பிரிக்கும் கான்டாக்டுகளின் வெள்ளி முனையை உப்புத்தாள் போட்டுத் தேய்த்தே தீர்த்திருந்தார்கள். எனக்கு எல்லாவற்றையும்விட எரிச்சல் தந்தது, எத்தனை ஆம்பியர் தாங்கும் என்று பொறித்திருந்த தகடு காணாமல் போனது. அழகாக இல்லை என்று பட்டறைக்காரர் கழற்றிவிட்டாராம்! இதே ஸ்விட்சில் ஒரு குதிரைத்திறன் தண்ணீர் மோட்டாரையும் ஓட்டலாம் என்று சொன்னவர் இவர்தான். மோட்டார் கிளம்பும்போது ஓடும் கரண்டைப் போல ஐந்து, ஆறு மடங்கு இழுக்கும். இந்தக் கான்டாக்டுகள் ஒட்டிப் பிடித்துக்கொண்டு மோட்டார் நிற்காமலே ஓடும். மோட்டாருக்கு நடுவில் ஒரு கான்டாக்டர், அதாவது பெரிய கரண்டைத் தாங்கும் தனி ஸ்விட்ச், வேண்டும், டைம் ஸ்விட்ச் அதன் காயிலுக்கு மட்டும் கரண்ட் கொடுக்க வேண்டும்.

பணத்தைத் திருப்பிக் கேட்டபோது வந்த பதில்: "நான் ஷோ பீஸாத்தான் சார் செஞ்சு கொடுத்தேன்." மாட்டிவிட்டுப் போனது அவர் பையன்! 'ஃபுல் ஒர்க்கிங், ஃபுல் சேஃப்டி' என்று அவரே அனுப்பிய வாட்ஸ்அப்பைத் திருப்பி அனுப்பினேன். பிளாக் செய்துவிட்டார். இப்போது நுகர்வோர் உதவி எண் 1915இல் புகார் பதிந்திருக்கிறேன். அடுத்தது மாவட்ட நுகர்வோர் ஆணையம். கொடுத்த தொகை 5 லட்சத்துக்குள் என்றால் அங்கே கட்டணம் இல்லை, இரண்டு வருஷத்துக்குள் போக வேண்டும். வாட்ஸ்அப் செய்திகள், ஜிபே ரசீது, வயர்மேன் எழுதிக் கொடுத்த சோதனை அளவு எல்லாம் பத்திரமாக இருக்கின்றன.

இந்த மாதிரி வேலைக்கு யாரிடம் போனாலும், பணத்தை முடிப்பதற்கு முன் மூடியைத் திறக்கச் சொல்லுங்கள். உள் வயர் புதுசா, எர்த் ஸ்க்ரூவுக்குக் கீழே வெறும் உலோகம் தெரிகிறதா, மெக்கர் அளவு என்ன என்று உங்கள் கண்முன் காட்டச் சொல்லுங்கள். சில மாடல்களில் கண்ணாடிக் குழாய்க்குள் பாதரசம் இருக்கும், அதை நீங்களே நோண்ட வேண்டாம். கரண்டில் இணைப்பதை லைசென்ஸ் உள்ள வயர்மேனிடம் விட்டுவிடுங்கள்.

பட்டறைக்காரரின் இன்ஸ்டாகிராம் பக்கத்தில் எங்கள் ஸ்விட்சின் படம் இன்னும் இருக்கிறது, கீழே நிறைய பேர் விலை கேட்டிருக்கிறார்கள். அதே நீலப் பெயின்ட்டில் இன்னும் நாலைந்து பெட்டிகள் விற்றதாகவும் போட்டிருக்கிறார். உங்கள் வீட்டுச் சுவரில் அதில் ஒன்று இருந்தால், மூடியைத் தொடாமல் முதலில் மெயினை அணையுங்கள்.