கணினித் திரையை டிவிடி ரெக்கார்டரில் பதிய எது நல்லது: எஸ்-வீடியோவா, எச்டிஎம்ஐ கன்வெர்ட்டரா, விஜிஏ பெட்டியா?

வீட்டுக் கணினியில் ஓடுவதை டிவிடி ரெக்கார்டருக்குக் கொண்டுபோவது ஒரு கேபிள் வாங்கினால் முடிந்துவிடும் வேலை என்றே பலரும் தொடங்குகிறார்கள். நம் ஊரில் விற்ற, பால் (PAL) எனும் தொலைக்காட்சி முறையில் இயங்கும் ரெக்கார்டர் 625 வரிகளையும் நொடிக்கு 50 பாதிச் சட்டங்களையும் கொண்ட தொலைக்காட்சிச் சைகையை எதிர்பார்க்கிறது. அதன் கிடைமட்ட அலைவெண், அதாவது ஒரு நொடியில் வரையும் வரிகளின் எண்ணிக்கை, 15.625 கிலோஹெர்ட்ஸ். மானிட்டரை இணைக்கும் கணினியின் விஜிஏ வாயிலோ ஏறத்தாழ 31.5 கிலோஹெர்ட்ஸுக்குக் கீழே இறங்குவதில்லை. இடையில் யாராவது மாற்றித் தந்தே ஆக வேண்டும். அந்த மாற்றம் கிராபிக்ஸ் கார்டுக்குள் நடக்கிறதா, வெளியே ஒரு பெட்டியில் நடக்கிறதா என்பதே இந்த வழிகளுக்குள் உள்ள வேறுபாடு. பழுது ஏற்பட்டால் எங்கே தேடுவது என்பதும் அதைப் பொறுத்ததுதான்.

பழைய கார்டுகளில் இருக்கும் வட்டமான எஸ்-வீடியோ வாயில், ஒளிச்செறிவையும் நிறத்தையும் தனித்தனிக் கம்பிகளில் அனுப்புவதால், இரண்டும் ஒரே கம்பியில் கலந்து மஞ்சள் பின்னில் வரும் காம்போசிட் படத்தைவிடத் தெளிவானது. எழுத்தோரங்களில் ஊரும் புள்ளிகள் இதில் தெரிவதில்லை. படத்தின் தரம் ஒன்றையே பார்த்தால் என் ஓட்டு இதற்குத்தான். ஆனால் இந்த வழி தரும் தலைவலிகள் கண்ணுக்குத் தெரியாத இடங்களில் ஒளிந்திருக்கின்றன. மறுமுனையில் கருவி இணைந்திருப்பதைக் கணினி தொடங்கும்போது மட்டுமே பார்த்துக்கொள்ளும் கார்டுகள் உண்டு. ஆகவே கேபிளைச் செருகி, ரெக்கார்டரை இயக்கி, அதன் பிறகே கணினியைத் தொடங்க வேண்டும். படம் கறுப்பு வெள்ளையாக வந்தால் இரண்டு காரணங்களைப் பார்க்கலாம். ஒன்று, கார்டு என்டிஎஸ்சி என்ற வேறு நாடுகளின் தொலைக்காட்சி முறையில் அனுப்பிக்கொண்டிருக்கும். டிரைவர் அமைப்பில் பால் என்று மாற்றினால் நிறம் வந்துவிடும். மற்றொன்று, எஸ்-வீடியோ முனையைச் சாதாரண அடாப்டர் போட்டு மஞ்சள் பின்னுக்குள் செருகியிருப்பார்கள். அப்போது ஒளிச்செறிவு மட்டும் போய்ச் சேர, நிறம் வழியிலேயே தங்கிவிடும்.

உறவினர் திருமணப் படத்தொகுப்பு ஒன்றை விண்டோஸ் எக்ஸ்பி கணினியிலிருந்து பதிய முயன்றபோது நான் சந்தித்தது வேறு வகை. டெஸ்க்டாப், டாஸ்க்பார், மவுஸ் அம்பு எல்லாம் ரெக்கார்டரில் பளிச்சென்று தெரிந்தன. படம் ஓட வேண்டிய சன்னல் மட்டும் கறுப்புக் கட்டமாக நின்றது. இரண்டு கேபிள்களை மாற்றிப் பார்த்து ஒரு மாலையை வீணாக்கிய பிறகே, வீடியோவைத் தனியாக வரையும் ஓவர்லே எனப்படும் அடுக்கை அந்தக் கார்டு ஒரு திரைக்கு மட்டுமே தரும் என்பது புரிந்தது. மீடியா பிளேயரின் ஆப்ஷன்ஸில் வீடியோ ஆக்சிலரேஷன் ஸ்லைடரை இடப்பக்கம் இழுத்ததும் மணமக்கள் தோன்றினார்கள்.

எஸ்-வீடியோ இல்லாத இன்றைய கணினிகளுக்கு, எச்டிஎம்ஐ சைகையை மூன்று வண்ண ஆர்சிஏ பின்களாக மாற்றித் தரும் கன்வெர்ட்டர்தான் கை கொடுக்கிறது. கடையில் கேட்டு வாங்கும்போது முதலில் பார்க்க வேண்டியது திசை. ஏவியிலிருந்து எச்டிஎம்ஐக்கு மாற்றும் பெட்டியும் ஏறக்குறைய இதே உருவத்தில்தான் இருக்கும். எனக்கே ஒருமுறை அதைத் தந்து அனுப்பிவிட்டார்கள், அதை எப்படித் திருப்பிச் செருகினாலும் படம் வராது. பெட்டிக்கு யுஎஸ்பி வழியாக 5 வோல்ட் மின்சாரம் தேவை என்பதையும், பக்கவாட்டில் உள்ள சிறு ஸ்விட்ச் பாலில் இருக்க வேண்டும் என்பதையும் கவனித்துவிட்டால் பெரும்பாலும் உடனே வேலை செய்யும். ஒலியும் அதே கேபிளில் வந்துவிடுவது பெரிய வசதி. விண்டோஸில் ஒலி வெளியீட்டை எச்டிஎம்ஐக்கு மாற்றிவிட்டால் போதும். எஸ்-வீடியோவிலும் விஜிஏவிலும் ஒலிக்கென்று 3.5 மில்லிமீட்டர் ஜாக்கிலிருந்து தனி வயர் இழுக்க வேண்டும். குறை படத்தில்தான். வெளியே வருவது காம்போசிட் என்பதால் சிறிய எழுத்துகள் மங்குகின்றன. அகலத்திரைப் படத்தை 4:3 சட்டத்துக்குள் நெருக்கித் தருவதால், பதிவைப் பார்க்கும் தொலைக்காட்சியை 16:9க்கு மாற்றாவிட்டால் எல்லோரும் ஒல்லியாக, உயரமாகத் தெரிவார்கள்.

விஜிஏ சைகையைத் தொலைக்காட்சிச் சைகையாக மாற்றித் தரும் விஜிஏ பெட்டியைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. மேற்சொன்ன இரண்டு வாயில்களும் இல்லாத கணினிக்கு அது ஒன்றே வழி. படத்தின் அளவைக் கூட்டிக் குறைக்கப் பொத்தான்கள் இருந்தால் வாங்கலாம். ஒரு முனையில் விஜிஏ, மறுமுனையில் ஆர்சிஏ என்று பெட்டியே இல்லாமல் மலிவாக விற்கும் வெறுங்கேபிளை மட்டும் தொடாதீர்கள். தொலைக்காட்சிச் சைகையைத் தானே அந்த வாயிலில் அனுப்பும் அரிய கார்டுகளைத் தவிர வேறெதிலும் அது பயன்படாது.

எந்த வழியானாலும் முதலில் ரெக்கார்டரை ஒதுக்கிவைத்து, அதே கேபிளை நேரே தொலைக்காட்சியில் செருகிப் பாருங்கள். அங்கே படம் வந்து ரெக்கார்டரில் வராவிட்டால், ரெக்கார்டரின் உள்ளீடு டியூனரிலேயே நிற்கிறதா, எல்1 அல்லது ஏவி2 போன்ற சரியான வாயிலுக்கு மாறியிருக்கிறதா என்று பார்த்தால் பாதிப் புகார்கள் தீர்ந்துவிடும். கடையில் வாங்கிய பட வட்டைக் கணினியில் ஓட்டி, பதிவு மறுக்கப்படுகிறது என்றால் அது பழுதன்று. வட்டின் நகல் தடுப்புச் சைகையை ரெக்கார்டர் மதிக்கிறது, அவ்வளவே. பதிய வேண்டியது உங்கள் சொந்த வீடியோக் கோப்பு என்றால் இந்த வழிகளில் எதுவுமே வேண்டாம். கணினியிலேயே டிவிடியாக எரித்துவிடுவது தரத்திலும் நேரத்திலும் மேல். திரையில் நேரடியாக ஓடும் ஒன்றைத்தான் பதிய வேண்டும் என்றால், 4.7 ஜிபி வட்டில் 2 மணி நேரம் கொள்ளும் எஸ்பி முறையைத் தேர்ந்தெடுத்து, திரும்ப எழுதக்கூடிய வட்டு ஒன்றில் ஐந்து நிமிடம் பதிந்து, திரையின் ஓரங்களில் எவ்வளவு வெட்டுப்படுகிறது என்று பார்த்த பிறகு முழுப் பதிவைத் தொடங்குங்கள்.