டானூப் நதிக் கப்பலுக்குப் பணம் கட்டும் முன்: எங்கள் குடும்பத்துக்கு நேர்ந்தது

2022 ஆகஸ்டில் ஜெர்மனியின் நியூரம்பெர்க் நகரிலிருந்து ஹங்கேரியின் தலைநகரான புடாபெஸ்ட் வரை ஏழு இரவுகள் கப்பலில் செல்வதற்காக, நானும் என் கணவரும் என் பெற்றோரும் சென்னையிலுள்ள ஒரு பயண முகவர் நிறுவனத்திடம் 14 லட்சம் ரூபாய் கட்டினோம். அந்த ஏழு இரவுகளில் முதல் இரண்டு இரவுகளை நெடுஞ்சாலையோர விடுதி ஒன்றிலும், அவற்றையொட்டிய பகல்களைப் பேருந்திலும் கழித்தோம். ஆற்றில் நீர் குறைந்ததற்கு யாரையும் குற்றம் சொல்ல முடியாது. ஆனால் கப்பல் நியூரம்பெர்க்குக்கு வராது என்பது, நாங்கள் சென்னையில் விமானம் ஏறுவதற்கு ஒன்பது நாள்களுக்கு முன்பே அந்த முகவருக்கு எழுத்து மூலம் தெரிவிக்கப்பட்டிருந்தது. அவர் அதை எங்களிடம் மறைத்தார். அதைத்தான் இங்கே விவரமாக எழுத விரும்புகிறேன். முகவரின் பெயரையும் கப்பல் நிறுவனத்தின் பெயரையும் வழக்கு நடப்பதால் குறிப்பிடவில்லை.

இந்தப் பயணத்தை நாங்கள் தேர்ந்தெடுத்ததே அப்பாவுக்காகத்தான். பொதுப்பணித் துறையில் பொறியாளராக இருந்து ஓய்வு பெற்றவர் அவர். மதகுகளோடும் கால்வாய்களோடும் வாழ்நாளைக் கழித்தவர். மைன் ஆற்றையும் டானூபையும் இணைக்கும் 171 கிலோமீட்டர் கால்வாயைப் பற்றி, அது 1992இல் திறக்கப்பட்ட காலத்திலேயே படித்து வைத்திருந்தார். அந்தக் கால்வாயில் 16 லாக்குகள் இருக்கின்றன. கப்பல் ஒரு தொட்டிக்குள் நுழைந்து, கதவு மூடி, உள்ளே நீர் ஏறும்போதோ இறங்கும்போதோ அதனுடன் மட்டம் மாறி, மறுபக்கம் வெளியேறும் அமைப்புக்குத்தான் லாக் என்று பெயர். கால்வாயின் உச்சிப் பகுதி கடல் மட்டத்திலிருந்து 406 மீட்டர் உயரத்தில் உள்ளது. ஹில்போல்ட்ஸ்டைன் உள்ளிட்ட மூன்று லாக்குகள் ஒவ்வொன்றும் கப்பலை ஏறத்தாழ 25 மீட்டர் தூக்குகின்றன. நியூரம்பெர்க்கில் கப்பல் ஏறினால்தான் இவற்றைக் காண முடியும் என்பதால், கால்வாயைத் தாண்டி டானூபில் கீழே உள்ள பாசாவ் நகரில் தொடங்கும் மலிவான பயணங்களை விட்டுவிட்டு இதற்குக் கூடுதலாகப் பணம் கொடுத்தோம். இந்தக் காரணத்தை முகவரிடமும் முதல் சந்திப்பிலேயே சொல்லியிருந்தோம்.

நியூரம்பெர்க் விமான நிலையத்தில் எங்களை வரவேற்றவர், கப்பலுக்குப் பதிலாக விடுதிக்கு அழைத்துச் செல்வதாகச் சொன்னபோது, அது ஓரிரவு ஏற்பாடு என்றே நினைத்தோம். மறுநாள் ரேகன்ஸ்பர்க்குக்குப் பேருந்தில் போகும்போது, பக்கத்து இருக்கையில் இருந்த இங்கிலாந்துத் தம்பதியர், “உங்களுக்கும் மின்னஞ்சல் வந்திருக்குமே, நீங்களும் மூன்றாவது வாய்ப்பையா தேர்ந்தெடுத்தீர்கள்?” என்று இயல்பாகக் கேட்டார்கள். எங்களுக்கு ஒன்றும் புரியவில்லை. அவர்கள் தங்கள் கைப்பேசியில் காட்டிய கடிதத்தில், நீர்மட்டம் குறைந்துவிட்டதால் கப்பல் பாசாவுக்கு மேலே வர இயலாது என்றும், பயணிகள் முழுப் பணத்தையும் திரும்பப் பெறலாம், அல்லது வேறு தேதிக்கு மாறலாம், அல்லது விடுதியையும் பேருந்தையும் ஏற்றுக்கொண்டு அடுத்த பயணத்தில் கழித்துக்கொள்ளும்படி கட்டணத்தில் நான்கில் ஒரு பங்குக்கு வவுச்சர் பெறலாம் என்றும் தெளிவாக எழுதப்பட்டிருந்தது.

அன்றிரவே கப்பல் நிறுவனத்துக்கு எழுதினோம். இரண்டு நாள்களில் பதில் வந்தது: எங்கள் சார்பில் எங்கள் முகவர் மூன்றாவது வாய்ப்பை ஏற்றுக்கொண்டிருக்கிறார் என்றும், வவுச்சர் அவருடைய கணக்குக்கு அனுப்பப்பட்டுவிட்டது என்றும் அதில் இருந்தது. நாங்கள் பணத்தைத் திரும்பப் பெற்றிருந்தால் அவருடைய கமிஷன் போயிருக்கும். அவர் மௌனமாக இருந்ததற்கு வேறு எந்தக் காரணத்தையும் என்னால் காண முடியவில்லை.

முகவர்கள் சொல்லாத ஆற்றின் நிலவரத்தைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், ஏனெனில் இதை முன்பே அறிந்திருந்தால் நாங்கள் சரியான கேள்வியைக் கேட்டிருப்போம். மேல் டானூபின் பெரும்பகுதி அணைகளால் தேக்கப்பட்டிருப்பதால் அங்கே ஆழம் ஓரளவு நிலையாக இருக்கும். ஆனால் பவேரியாவில் ஸ்ட்ராவ்பிங் நகருக்கும் ஃபில்ஸ்ஹோஃபன் நகருக்கும் இடையில் ஏறத்தாழ 70 கிலோமீட்டர் தூரத்துக்கு ஆறு தடையின்றி ஓடுகிறது. மழை பொய்த்தால் முதலில் கப்பல் தட்டுவது அங்கேதான். நியூரம்பெர்க்கிலிருந்து புடாபெஸ்ட் செல்லும் ஒவ்வொரு கப்பலும் இதைக் கடந்தே தீர வேண்டும். பாசாவிலிருந்து கிளம்பும் கப்பலுக்கு இந்த ஆபத்து இல்லை. அதற்குக் கீழேயும் ஆஸ்திரியாவின் வாஹாவ் பள்ளத்தாக்கும், வியன்னாவுக்குக் கிழக்கே உள்ள பகுதியும் தேக்கப்படாத ஆறுதான். ரைன் நதியில் இதே இடர் காவ்ப் என்ற சிற்றூருக்கு அருகில் இருக்கிறது. 2018 அக்டோபரில் அங்குள்ள நீர்மட்ட அளவுகோல் காட்டிய எண் 25 சென்டிமீட்டர் வரை இறங்கியது. (அந்த எண் ஆற்றின் ஆழம் அன்று, அளவுகோலின் சுழியிலிருந்து கணக்கிடப்படுவது. கப்பல் செல்லும் வழியில் ஆழம் அதைவிட அதிகமாக இருக்கும்.) 2022 கோடையில் டானூப் எவ்வளவு வற்றியது என்றால், செர்பியாவின் பிராஹோவோ அருகே இரண்டாம் உலகப் போரில் மூழ்கிய ஜெர்மானியப் போர்க்கப்பல்களின் எலும்புக்கூடுகள் வெளியே தெரிந்தன.

வெள்ளம் வந்தாலும் இதே கதிதான். நீர் உயர்ந்தால் கப்பல் பாலங்களுக்கு அடியில் நுழைய முடியாது. 2013 ஜூனில் பாசாவில் நீர்மட்டம் 12.89 மீட்டரை எட்டியது. 2024 செப்டம்பர் வெள்ளத்திலும் டானூபில் கப்பல்கள் நின்றன. ஆகவே “இந்த மாதத்தில் பிரச்சினையே வராது” என்று ஒரு முகவர் உறுதி கூறினால், அவர் ஆற்றை அறியாதவர் அல்லது உங்களை ஏமாற்றுகிறவர். ஜெர்மனியின் நீர்வழித் துறை நடத்தும் பெகல்ஆன்லைன் என்ற தளத்தில் ஒவ்வொரு அளவுகோலின் அளவும் உடனுக்குடன் இலவசமாகக் கிடைக்கிறது. ஸ்ட்ராவ்பிங்குக்குக் கீழேயுள்ள ஃபெல்லிங் அளவுகோலைப் புறப்படுவதற்கு மூன்று வாரம் முன்பிருந்து பார்த்து வாருங்கள். எண் தொடர்ந்து இறங்கினால் முகவரிடம் தொலைபேசியில் பேசாமல் எழுத்து மூலம் கேளுங்கள். எழுத்தில் பொய் சொல்ல அவர்கள் தயங்குவார்கள்.

நகரங்களில் நிற்கும் நேரத்தைப் பற்றியும் முகவர் தந்த பயண நிரல் எங்களை ஏமாற்றியது. “வியன்னாவில் இரண்டு நாள்” என்று அதில் அச்சிடப்பட்டிருந்தது. கப்பல் ஐந்தாம் நாள் காலை வியன்னாவை அடைந்து, அன்று நள்ளிரவு 12.30 மணிக்குத் துறையை விட்டுக் கிளம்பியது. அந்த அரைமணி நேரத்தை ஆறாம் நாள் என்று கணக்கிட்டிருந்தார்கள். கப்பல் நிறுவனத்தின் சொந்தக் கால அட்டவணையில் இந்த மணிகள் ஒளிவுமறைவின்றி இருந்தன. எனவே முகவர் தயாரித்துத் தரும் வண்ணத் தாளை நம்பாமல், கப்பல் நிறுவனத்தின் அட்டவணையைக் கேட்டு வாங்கி, ஒவ்வொரு துறைக்கும் சேரும் மணியையும் புறப்படும் மணியையும் பாருங்கள்.

அதே தாளில் “வியன்னா ஸ்டேட் ஓபராவில் ஒரு மாலை” என்றும் இருந்தது. அம்மா அதற்காகவே ஒரு காஞ்சிபுரம் பட்டுப் புடவையை எடுத்து வந்திருந்தார். ஸ்டேட் ஓபராவில் ஜூலை, ஆகஸ்ட் மாதங்களில் நிகழ்ச்சிகள் இல்லை, செப்டம்பரில்தான் பருவம் தொடங்குகிறது என்பதை அங்கே போன பிறகுதான் அறிந்தோம். சுற்றுலாப் பயணிகளுக்காக வேறோர் அரங்கில் நடந்த ஒரு மணி நேரக் கச்சேரிக்கு அழைத்துப் போய், அதுதான் இது என்றார்கள். புடாபெஸ்டில் “சங்கிலிப் பாலத்தின் மீது நடை” என்று எழுதியிருந்ததும் இதே வகை. அந்தப் பாலம் பழுதுபார்ப்புக்காக 2021 மார்ச் முதல் மூடப்பட்டிருந்தது. பாதசாரிகளுக்கு 2023 ஆகஸ்டில்தான் முழுமையாகத் திறந்தார்கள். பழைய நிரலின் தேதியை மட்டும் மாற்றி எங்களிடம் விற்றிருக்கிறார்கள் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை.

கப்பலிலும் குறைகள் இருந்தன. பால்கனி அறைக்குக் கூடுதலாக 80,000 ரூபாய் கட்டியிருந்தோம். பாசாவிலும் புடாபெஸ்டிலும் இடநெருக்கடியால் கப்பல்களை ஒன்றோடொன்று ஒட்டிக் கட்டுகிறார்கள். எங்கள் திரையை விலக்கினால் கையெட்டும் தூரத்தில் இன்னொரு கப்பலின் படுக்கையறை தெரிந்தது. இது நதிக் கப்பல்களில் வழக்கமான நடைமுறைதான், ஆனால் பணம் வாங்கும்போது சொல்லப்பட வேண்டியது. சைவ உணவு கிடைக்கும் என்ற உறுதி, உருளைக்கிழங்கும் பாஸ்தாவுமாக முடிந்தது. இழந்த நேரத்தை ஈடுகட்டுவதற்காக, மெல்க்குக்கும் கிரெம்ஸுக்கும் இடையே உள்ள 36 கிலோமீட்டர் வாஹாவ் பள்ளத்தாக்கை இரவு ஒன்பது மணிக்கு மேல் இருட்டில் கடந்தார்கள். திராட்சைத் தோட்டங்களும், இங்கிலாந்து மன்னர் முதலாம் ரிச்சர்டு சிறை வைக்கப்பட்ட டியூர்ன்ஸ்டைன் கோட்டையும் இருக்கும் அந்தப் பகுதிதான் மொத்தப் பயணத்திலும் கண்ணுக்கு மிக அழகானது என்று எல்லோரும் சொல்கிறார்கள். நாங்கள் அங்கே கரை விளக்குகளை மட்டும் பார்த்தோம்.

நகரங்களில் எங்களுக்குக் கிடைத்த நல்ல மணி நேரங்கள், கப்பலின் சுற்றுலாவை மறுத்துவிட்டு நாங்களாகப் போனவைதான். வியன்னாவில் பேருந்துச் சுற்றுலாவுக்கு ஒருவருக்கு 65 யூரோ கேட்டார்கள். கப்பல் நின்ற ரைஹ்ஸ்புரூக்க பாலத்துத் துறையிலிருந்து சில நிமிட நடையில் ஃபோர்கார்டன்ஸ்ட்ராஸே மெட்ரோ நிலையம் இருக்கிறது. அங்கே யூ1 வண்டியில் ஏறினால் நான்காவது நிறுத்தம் ஸ்டெஃபான்ஸ்பிளாட்ஸ், அதாவது புனித ஸ்டீஃபன் பேராலயத்தின் வாசல். இதைக் கப்பலின் வரவேற்பு மேசையில் யாரும் சொல்லவில்லை. வேறொரு கப்பலின் பணியாளர்தான் சொன்னார். பிராட்டிஸ்லாவாவில் துறையிலிருந்து பழைய நகரத்துக்கு நடந்தே போய்விடலாம். அங்கே வழிகாட்டிக்குப் பணம் கொடுப்பது வீண். புடாபெஸ்டின் நாடாளுமன்றக் கட்டடத்தை உள்ளே பார்க்க விரும்பினால் மட்டும் ஊரிலிருந்தே இணையத்தில் நுழைவுச் சீட்டு எடுத்துவிடுங்கள். ஞாயிற்றுக்கிழமை ஜெர்மனியிலும் ஆஸ்திரியாவிலும் கடைகள் அடைத்திருக்கும் என்பதையும், உங்கள் நிரலில் எந்த ஊர் ஞாயிறன்று வருகிறது என்பதையும் முன்பே பார்த்துக்கொள்ளுங்கள்.

பாசாவில் கப்பல் ஏறிய இரவு, ஆற்றில் கீழே யோகன்ஸ்டைன் லாக் வருகிறது என்று தெரிந்ததும் அப்பா மேல்தளத்துக்குப் போய்விட்டார். 24 மீட்டர் அகல லாக்கில் 11 மீட்டர் சொச்சம் அகலமுள்ள எங்கள் கப்பல் பாதி இடத்தைக்கூட நிரப்பவில்லை. மேலே உள்ள கால்வாயின் லாக்குகள் 12 மீட்டர் அகலம் மட்டுமே என்பதால்தான் கப்பலை இவ்வளவு ஒடுக்கமாகக் கட்டியிருக்கிறார்கள் என்று எனக்கு விளக்கினார். அந்த 12 மீட்டர் லாக்கில் இருபுறமும் கைப்பிடி அளவு இடைவெளியில் கப்பல் நுழைவதைப் பார்க்கத்தான் வந்தோம் என்பதை அவரும் சொல்லவில்லை, நானும் சொல்லவில்லை. நீர் இறங்கி முடியும்வரை இருவரும் நின்றோம்.

ஊர் திரும்பியதும் முகவர், நாங்கள் கையெழுத்திட்ட படிவத்தின் பதினேழாவது விதியைக் காட்டினார். நீர்மட்டம், லாக் பழுது, வானிலை ஆகியவற்றால் வரும் மாற்றங்களுக்கு இழப்பீடு கிடையாது என்கிறது அது. பெரும்பாலான நதிக் கப்பல் ஒப்பந்தங்களில் இப்படி ஒரு விதி இருக்கும். ஆனால் கப்பல் நிறுவனம் கொடுத்த தேர்வுரிமையை மறைப்பதற்கு அந்த விதி இடம் தரவில்லை என்பதே எங்கள் வாதம். ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் வாங்கும் பேக்கேஜ் பயணங்களுக்கு 2015ஆம் ஆண்டின் 2302ஆம் எண் நெறியாணை காவலாக இருக்கிறது. புறப்படும் முன் முக்கிய மாற்றம் செய்தால், அபராதமின்றி விலகும் உரிமையைப் பயணிக்கு அது தருகிறது. சென்னையில் ரூபாயில் வாங்கிய எங்களுக்கு நம் நாட்டின் 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம்தான் வழி. முதலில் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் பதிந்தோம். முகவர் வவுச்சரை மட்டும் எங்கள் பெயருக்கு மாற்றித் தருவதாகச் சொன்னார், மறுத்துவிட்டோம். பிறகு மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போனோம். நாம் வசிக்கும் ஊரிலேயே வழக்குத் தொடுக்கச் சட்டம் அனுமதிக்கிறது. சம்பவம் நடந்த இரண்டு ஆண்டுகளுக்குள் தொடுக்க வேண்டும். 10 முதல் 20 லட்சம் வரை செலுத்திய எங்களைப் போன்றவர்களுக்குக் கட்டணம் 400 ரூபாய்தான்.

பணம் கட்டும்போதே கப்பல் நிறுவனத்தின் பதிவு எண்ணை வாங்கி, அந்த நிறுவனத்தின் இணையதளத்தில் உங்கள் சொந்த மின்னஞ்சலையும் கைப்பேசி எண்ணையும் பதிந்துவிடுங்கள். எங்கள் பதிவில் நான்கு பேருக்கும் முகவரின் மின்னஞ்சலே கொடுக்கப்பட்டிருந்தது. அதை நாங்கள் சரிபார்க்கவில்லை. “என் எழுத்துபூர்வ ஒப்புதல் இல்லாமல் எந்த மாற்றத்தையும் என் சார்பில் ஏற்கக் கூடாது” என்ற ஒரு வரியைப் பதிவுப் படிவத்தில் சேர்க்கச் சொல்லுங்கள். மறுக்கும் முகவரிடம் பணம் கட்டாதீர்கள்.

அந்த இங்கிலாந்துத் தம்பதியர் தங்களுக்கு வந்த மின்னஞ்சலின் நகலை எங்களுக்கு அனுப்பி, அதைச் சாட்சியமாகப் பயன்படுத்தவும் இசைந்தார்கள். வழக்கு இன்னும் நிலுவையில் இருக்கிறது. 2022 ஆகஸ்டில் நியூரம்பெர்க்கிலிருந்து டானூப் கப்பலுக்குச் சென்னை முகவர் வழியாகப் பதிவு செய்து, பேருந்தில் ஏற்றப்பட்டவர்கள் இதைப் படித்தால், கப்பல் நிறுவனத்துக்கு உங்கள் பதிவு எண்ணைக் குறிப்பிட்டு எழுதி, உங்கள் சார்பில் யார் எந்த வாய்ப்பை ஏற்றார் என்று கேளுங்கள். எங்களுக்கு அந்தப் பதில் இரண்டே நாளில் கிடைத்தது.