ஜிபூட்டியில் பொட்டு வைக்க இடமில்லை: ஒரு ஆப்பிரிக்கா சுவர்ப்படத்தின் விமர்சனம்

வாங்கியது ஆப்பிரிக்கா அரசியல் சுவர்ப்படம். லேமினேஷன் செய்தது, நாலடி உயரம், ஒரு சென்டிமீட்டருக்கு 80 கிலோமீட்டர் அளவு. கூரியரோடு 1,380 ரூபாய். 2023 ஜூனில் ஆன்லைனில் வாங்கினேன். இரண்டு வருஷத்துக்கு மேல் தினமும் புழங்கிவிட்டுத்தான் எழுதுகிறேன். ஐந்துக்கு மூன்று நட்சத்திரம்.

நான் பள்ளிக்கூடத்தில் பூகோளம் நடத்தி ஓய்வு பெற்றவள். ஊர் கூடலூர். நீலகிரிக் கூடலூர் இல்லை, தேனி மாவட்டத்துக் கூடலூர், குமுளி மலை அடிவாரம். வீட்டு மாடியில் போட்டித் தேர்வுக்குப் படிக்கிற பிள்ளைகள் பதினோரு பேர் சாயங்காலம் வருகிறார்கள். அதில் இரண்டு பெண்கள் விடியற்காலையில் ஜீப்பில் கேரளாவுக்கு ஏலத்தோட்ட வேலைக்குப் போய், திரும்பி வந்து குளித்துவிட்டு நோட்டோடு வந்து உட்காருகிறவர்கள். அவர்களுக்காகத்தான் வாங்கினேன். என்னிடம் இருந்த பழைய உலகப்படத்தில் கிரீன்லாந்தும் ஆப்பிரிக்காவும் ஒரே அளவாகத் தெரியும். நிஜத்தில் ஆப்பிரிக்கா பதினான்கு மடங்கு பெரிசு. அந்தப் படத்தை வைத்துப் பாடம் நடத்துவது பாவம்.

முதலில் குறைகளைச் சொல்லிவிடுகிறேன். மேல் தகரப் பட்டை வளைந்து வந்தது. அதை அம்மிக்கல்லில் வைத்துத் தட்டி நிமிர்த்தினேன். நைஜருக்கும் சாடுக்கும் கிட்டத்தட்ட ஒரே ஆரஞ்சு நிறம் கொடுத்திருக்கிறார்கள். பக்கத்துப் பக்கத்து நாட்டுக்கு ஒரே நிறம் கொடுக்கக்கூடாது என்பது ஆறாம் வகுப்புப் பாடம். சுவாசிலாந்து 2018-லேயே எஸ்வாத்தினி என்று பெயர் மாற்றிக்கொண்டது. படத்தில் இன்னும் சுவாசிலாந்துதான். போன் செய்து கேட்டால், "பழைய ஸ்டாக் மேடம், நூறு ரூபாய் திருப்பித் தந்துடறோம்" என்றார் எதிர்முனையில் இருந்த பையன். நூறு ரூபாய் வந்தது. அதைக் கொண்டுபோய் ஸ்டிக்கர் பொட்டு வாங்கினேன்.

பொட்டு எதற்கு என்றால், ஒரு மாதிரி வினாத்தாளில் ஆப்பிரிக்காவில் உள்ள வெளிநாட்டு ராணுவத் தளங்களைப் பற்றிக் கேட்டிருந்தார்கள். படத்தில் நாட்டுக்கு நாடு நிறம் இருக்கிறது, தலைநகருக்கு நட்சத்திரம் இருக்கிறது, ஒட்டகச் சாலைக்குக்கூடப் புள்ளிக்கோடு இருக்கிறது. யாருடைய மண்ணில் யாருடைய விமானம் இறங்குகிறது என்பது மட்டும் இல்லை. குண்டூசி குத்தினால் லேமினேஷன் கிழியும். பொட்டு ஒட்டலாம் என்று ஜீப் டிரைவர் மகள்தான் யோசனை சொன்னாள். அமெரிக்காவுக்குக் கறுப்பு, சீனாவுக்கு மெரூன், பிரான்சுக்கு நீலம், இத்தாலிக்குப் பச்சை, துருக்கிக்கு ரோஸ், ரஷ்யாவுக்கு வயலட். ஜப்பானுக்கு நிறம் மிஞ்சவில்லை, வெள்ளைக்கல் வைத்த பொட்டு ஒட்டினோம்.

ஜிபூட்டியில்தான் மாட்டிக்கொண்டோம். ஆப்பிரிக்காவின் கிழக்கு ஓரத்துக் குட்டி நாடு அது, மொத்தமே 23,000 சதுர கிலோமீட்டர். படத்தில் என் கட்டைவிரல் நகம் அளவு. பெயரை உள்ளே எழுத இடமில்லாமல் கடலில் எழுதி ஒரு கோடு இழுத்திருக்கிறார்கள். அந்த நகத்துக்குள் ஐந்து பொட்டு ஒட்ட வேண்டும். அதுவும் தலைநகரைச் சுற்றியே. அமெரிக்காவின் கேம்ப் லெமோனியேவுக்கும் சீனத் தளத்துக்கும் நடுவில் நாங்கள் பஸ் ஏறிக் குமுளி போகிற தூரம்தான். படத்தின் கணக்கில் ஒரு மில்லிமீட்டர் சொச்சம். கடையில் கிடைப்பதிலேயே சின்னப் பொட்டு வாங்கியும் ஒன்றின்மேல் ஒன்று ஏறிவிட்டது. கறுப்புக்கு அடியில் நீலம், அதன் ஓரத்தில் மெரூன், மேலே கல்லுப்பொட்டு மினுக்குகிறது. ஐந்து ஒட்டி முடித்ததும் ஜிபூட்டியே தெரியவில்லை.

"டீச்சர், லோயர் கேம்ப் மாதிரி அங்கேயும் கேம்ப்பா?" என்று கேட்டாள் ஒருத்தி. லோயர் கேம்ப் என்பது எங்கள் ஊரிலிருந்து குமுளி போகிற வழியில் உள்ள ஊர். எல்லோரும் சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை, ஏனென்றால் நல்ல கேள்வி. இங்கே பிறந்த பிள்ளைக்குக் குத்தகை என்றால் என்னவென்று சொல்லித்தர வேண்டியதில்லை. முல்லைப் பெரியாறு ஒப்பந்தம் 1886-இல் போட்டது, 999 வருஷத்துக்கு. 8,000 ஏக்கர், ஏக்கருக்கு ஐந்து ரூபாய், வருஷத்துக்கு 40,000 ரூபாய். 1970-இல் ஏக்கருக்கு முப்பது ரூபாய் ஆக்கினார்கள். நிலம் அந்தப் பக்கம், தண்ணீர் இந்தப் பக்கம். அதனால் ஜிபூட்டிக் கணக்கைப் போர்டில் எழுதியதும் பிள்ளைகள் கற்பூரம் மாதிரிப் பிடித்துக்கொண்டார்கள். 2014-இல் புதுப்பித்த ஒப்பந்தப்படி அமெரிக்கா வருஷத்துக்குக் கொடுக்கிற வாடகை ஏறக்குறைய 6 கோடியே 30 லட்சம் டாலர். சீனா 2017-இல் அங்கே தன் முதல் வெளிநாட்டுத் தளத்தைத் திறந்தது, அதன் வாடகை 2 கோடி டாலர் என்கிறார்கள். ஜப்பான் 2011-இலிருந்து இருக்கிறது. கடற்கொள்ளையரைத் தடுக்க வந்தோம் என்று வந்தவர்கள், கொள்ளை குறைந்த பிறகும் கிளம்பவில்லை.

"அத்தனை பேருக்கும் அந்த வெயிலில் என்ன வேலை?" என்பது அடுத்த கேள்வி. செங்கடலின் தெற்கு வாசலான பாப் எல் மண்டேப் நீரிணையைக் காட்டினேன். குறுகலான இடத்தில் 30 கிலோமீட்டர் அகலம்கூட இல்லை. நம் பக்கத்திலிருந்து சூயஸ் கால்வாய்க்குப் போகிற கப்பல் எல்லாம் அந்த வாசலில் நுழைந்தாக வேண்டும். ஜித்தாவுக்குக் கப்பலில் போகிற நம் ஏலக்காய் மூட்டையும் அப்படித்தான். தோட்டத்துப் பெண்கள் இரண்டு பேரும் எழுந்து வந்து அந்த இடத்தை விரலால் தொட்டுப் பார்த்தார்கள். அந்த ஒரு நிமிஷத்துக்கே 1,380 ரூபாய் தகும். ஒரு நட்சத்திரம் அதற்கு.

எதிர்வீட்டு அண்ணன் பட்டாளத்தில் இருந்து வந்தவர். சாயங்காலம் எங்களோடு வந்து உட்காருவார். லெமோனியே என்பது யார் பெயர் என்று அவர்தான் சொன்னார். பிரெஞ்சு ஜெனரல். 1945-இல் இந்தோசீனாவில் ஜப்பானியர் கையில் கொல்லப்பட்டவர். இன்றைக்கு அவர் பெயர் வைத்த முகாமில் அமெரிக்கர்கள் இருக்கிறார்கள், பக்கத்திலேயே ஜப்பானியத் தளம். இதை அவர் சொல்லிவிட்டு வெற்றிலையை மடித்து வாயில் போட்டுக்கொண்டார்.

இனி லேமினேஷனைப் பற்றி. வாங்க நினைக்கிறவர்கள் கவனிக்க வேண்டியது இதைத்தான். ஒட்டுவது சுலபம். எடுப்பதில்தான் தொல்லை. நான் படம் மாட்டி ஒரு மாதம்கூட ஆகவில்லை, 2023 ஜூலை 26-இல் நைஜரில் ராணுவம் ஆட்சியைப் பிடித்தது. அந்த டிசம்பரில் பிரெஞ்சுப் படை கிளம்பியது, நீலப்பொட்டை எடுத்தேன். அதே நைஜரில் அகடேஸ் ஊர்ப் பக்கத்தில் அமெரிக்கா 11 கோடி டாலர் செலவழித்து ஒரு விமானத் தளம் கட்டியிருந்தது. டிரோன் பறக்க விடுவதற்கு, பாலைவன நடுவில். 2024 ஆகஸ்டில் அதையும் ஒப்படைத்துவிட்டுப் போனார்கள், கறுப்புப் பொட்டு போனது. 2025 ஜனவரியில் சாடில் நீலம் போனது. பிப்ரவரியில் ஐவரி கோஸ்ட், ஜூலையில் செனகல். மாலியில் வாக்னர் என்ற ரஷ்யக் கூலிப்படை கிளம்புகிறது என்று அந்த ஜூனில் அறிவித்தார்கள். ஆனால் ஆப்பிரிக்கா கோர் என்ற பெயரில் ரஷ்யர்கள் அங்கேயேதான் இருந்தார்கள். பெயர்தான் மாறியது என்று வயலட்டை எடுக்கவில்லை.

பொட்டை எடுத்த இடத்தில் எல்லாம் பசை நிற்கிறது. வட்டமாக, தூசி ஒட்டிக் கறுத்துப்போய். கண்ணாடியில் அம்மாக்கள் பொட்டு ஒட்டி ஒட்டி எடுத்த தடம் மாதிரி. தேங்காய் எண்ணெய் தொட்டுத் துடைத்தால் போகும். செனகலில் போனது. நைஜரில் லேமினேஷன் ஏற்கெனவே உப்பியிருந்தது போல, எண்ணெய் உள்ளே இறங்கி எழுத்தும் மங்கிவிட்டது. அந்த நாட்டு வடக்கில் ஆர்லிட் என்று ஒரு ஊர், யுரேனியம் எடுக்கிற ஊர். பிரான்சின் அணுமின் நிலையங்களுக்குப் பல பத்தாண்டுகள் அங்கிருந்து போனது. இப்போது என் படத்தில் அந்தப் பெயரைப் படிக்க முடியாது. அரை நட்சத்திரம் இதற்காகக் குறைத்தேன்.

இன்னொரு குறை, கம்பெனியின் தப்பு என்று சொல்ல முடியாது. அமெரிக்காவின் ஆப்பிரிக்கப் படைத் தலைமையகத்துக்கு ஒரு பொட்டு வைக்கப் பார்த்தோம். 2008-இலிருந்து முழுதாக இயங்குகிற தலைமையகம். அது இருப்பது ஜெர்மனியில், ஸ்டட்கர்ட்டில்! படம் மத்தியதரைக் கடலோடு முடிந்துவிடுகிறது. ஸ்கேல் வைத்து அளந்து, படத்துக்கு மேலே பதினைந்து சென்டிமீட்டர் தள்ளிச் சுவரில் ஒட்டினோம்.

இந்தியப் பெருங்கடலில் சாகோஸ் தீவுக்கூட்டத்தில் அமெரிக்கத் தளம் இருக்கிற டியேகோ கார்சியாவும் அப்படித்தான். வலது பக்கம் பதினேழு சென்டிமீட்டர் தள்ளி, சுவிட்ச் போர்டுக்குக் கீழே வந்தது. மொரீஷியசுக்கு விடுதலை தருவதற்கு முன்பே, 1965-இல், பிரிட்டன் சாகோஸ் தீவுகளைத் தனியாக வெட்டி எடுத்துக்கொண்டது. 1968-இலிருந்து 1973-க்குள் அங்கே குடியிருந்தவர்களை எல்லாம் கப்பல் ஏற்றி வெளியேற்றிவிட்டு அமெரிக்கத் தளத்துக்கு இடம் கொடுத்தது. 2025 மே மாதம் பிரிட்டனும் மொரீஷியசும் ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டன: தீவு மொரீஷியசுக்கு, தளம் 99 வருஷக் குத்தகைக்கு, சராசரி வாடகை வருஷத்துக்கு 10 கோடியே 10 லட்சம் பவுண்டு. "நமக்கு 999, அவங்களுக்கு 99, ஒரு ஒன்பது குறையுது டீச்சர்" என்றான் ஒருவன். அந்த மொரீஷியஸ் ரூபாய் நோட்டில் தமிழ் எழுத்து இருக்கிறது என்று சொன்னதும் வகுப்பு அன்றைக்கு அதோடு கலைந்துவிட்டது. எல்லோரும் போனில் நோட்டைப் பெரிதாக்கிப் படித்துக்கொண்டிருந்தார்கள்.

சண்டை வந்தது அகலேகாவில். மொரீஷியசின் குட்டித் தீவு, படத்தில் பெயர்கூடப் போடாத ஒரு புள்ளி. அங்கே இந்தியா மூன்று கிலோமீட்டர் ஓடுதளமும் ஒரு படகுத்துறையும் கட்டிக்கொடுத்து 2024 பிப்ரவரி 29-இல் திறந்தார்கள். அதற்குப் பொட்டு வைக்கலாமா வேண்டாமா? "அது தளம் இல்ல டீச்சர், ஓடுதளம், அவ்வளவுதான். ரெண்டு அரசாங்கமும் அப்படித்தான் சொல்லியிருக்கு" என்றார் எதிர்வீட்டு அண்ணன். "எல்லாரும் முதல்ல அப்படித்தானே சொல்றாங்க" என்றாள் ஜீப் டிரைவர் மகள். அண்ணனுக்கு முகம் சுருங்கிவிட்டது. நானும் வாயைத் திறக்கவில்லை. கடைசியில் அவளே பர்ஸிலிருந்து கொஞ்சம் குங்குமம் எடுத்து அந்தப் புள்ளியில் லேசாகத் தொட்டு வைத்தாள். குங்குமம் பசை இல்லாதது, வேண்டாம் என்றால் ஊதிவிடலாம் என்றாள். அண்ணன் சிரித்துவிட்டார்.

படம் வாங்கலாமா? சுவரில் மாட்டிப் பார்த்துக்கொண்டிருக்க என்றால் தாராளமாக. அச்சு தெளிவு, காகிதம் கனம், வெயில் படுகிற சுவரில்கூட நிறம் வெளுக்கவில்லை. என்னைப்போல் கைவைத்துப் புழங்குகிறவர்கள் மேலே இன்னொரு கண்ணாடித் தாள் போட்டுக்கொள்ளுங்கள். நைஜர், சாட் பெயரை மார்க்கரால் தடித்து எழுதிக்கொள்ளுங்கள். பொட்டு வாங்கும்போது பலநிற அட்டையை நம்ப வேண்டாம், அதில் நிறத்துக்கு நாலுதான் இருக்கும். கறுப்பைத் தனிப் பாக்கெட்டாக வாங்குங்கள்.