மரமா, இரும்பா: சென்னைக்கு எந்த ரோலர் கோஸ்டர்?

2025 டிசம்பரில் திருப்போரூர் பக்கம் திறந்த வொண்டர்லா பூங்காவின் தண்டோரா என்ற ரோலர் கோஸ்டரில் தடம் தலைக்கு மேலே, கால்கள் அந்தரத்தில். இந்த வித்தை இரும்புக்கே உரியது. 1959-இல் டிஸ்னிலாந்தின் மேட்டர்ஹார்ன் கோஸ்டரில் இரும்புக் குழாய்த் தடம் வந்த பிறகு, எந்தப் பக்கம் வேண்டுமானாலும் வளைக்க வழி பிறந்தது. மரத்திலும் முழு வட்டம் போட்டுப் பார்த்தார்கள். அமெரிக்காவின் ஒகையோவில் 2000-இல் வந்த சன் ஆஃப் பீஸ்ட் என்ற மரக் கோஸ்டரில் அது இருந்தது. 2006 விபத்துக்குப் பிறகு கழற்றிவிட்டார்கள்.

அப்புறம் மரத்துக்கு ஏன் இத்தனை ரசிகர்கள்? மேட்டின் உச்சியில் இருக்கையை விட்டு உடம்பு எழும்பும் அந்த நொடிக்காகத்தான். வண்டி பாயும்போது சட்டகமே கொஞ்சம் அசைந்து கொடுக்கும். பழுதல்ல, அப்படி அசையவே கட்டுகிறார்கள். பைன் பலகைகளை அடுக்கடுக்காக, பெரும்பாலும் 8 அடுக்கு வைத்து முடுக்கி, மேலே இரும்புப் பட்டை பதிப்பார்கள். சக்கரம் ஓடுவது அந்தப் பட்டைமேல். 1884-இல் லமார்கஸ் தாம்சன் என்ற அமெரிக்கர் நியூயார்க்கின் கோனி ஐலண்ட் கடற்கரையில் ஓட்டிய ஆரம்பகால கோஸ்டர் வண்டி மணிக்கு 10 கிலோமீட்டர் வேகத்தில் ஊர்ந்தது. வண்டி தடத்தை விட்டு எகிறாமல் அடியிலிருந்து பிடிக்கும் சக்கரத்துக்கு கோஸ்டர் வடிவமைப்பாளர் ஜான் மில்லர் 1919-இல் காப்புரிமை பெற்றார். செங்குத்தான சரிவுகளுக்குத் துணிவு வந்தது அதனால்தான்.

மரக் கோஸ்டரில் தூணும் மரமாக இருக்க வேண்டியதில்லை. தடம் எது என்பதே கணக்கு. கோனி ஐலண்டில் 1927 முதல் ஓடும் சைக்ளோனுக்குச் சட்டகம் இரும்பு, தடம் மரம். 85 அடியிலிருந்து கிட்டத்தட்ட 58 டிகிரியில் விழும். டெக்சாஸ் ஜயண்ட் இதற்கு நேர்மாறு: 1990-இல் வந்த மரக் கோஸ்டரை 2009-இல் மூடி, மரச் சட்டகத்தின்மேல் இரும்புத் தடம் போட்டு 2011-இல் திறந்தார்கள்.

நம்ம ஊரில் மரத்துக்குப் பெரிய எதிரி கரையான். கடல்காற்றை நான் அவ்வளவு பெரிதாக நினைக்கவில்லை. சைக்ளோனும் கடற்கரையோரம்தான் நிற்கிறது. அடுத்த தலைவலி பராமரிப்பு. அமெரிக்காவின் வடக்குப் பூங்காக்கள் குளிர்காலம் முழுக்க மூடிக்கிடக்கும்போது நிதானமாகப் பலகை மாற்றுகின்றன. நமக்குக் கோடை விடுமுறை, தீபாவளி, பொங்கல் எல்லாமே கூட்டம். கிடைக்கிற இடைவெளி ஐப்பசி, கார்த்திகை மழைதான். அந்த ஈரத்தில் யார் பலகை மாற்றுவது? இரும்புக்கும் துருத் தொல்லை உண்டு, ஆனால் பெயின்ட் அடித்துச் சமாளிக்கலாம்.

அதனால் முழு மரம் இங்கே வேண்டாம். டெக்சாஸ் வழியும் சரிப்படாது, தரையைத் தொடுவது அங்கே மரம். சைக்ளோன் பாணியே என் தேர்வு: துத்தநாகம் பூசிய இரும்புத் தூண், மேலே மரத் தடம். அந்தத் தடத்தையும் அமெரிக்காவின் எல் டோரோ மரக் கோஸ்டருக்கு 2006-இல் செய்ததுபோல ஆலையிலேயே ஒட்டி, அளவாக வெட்டிக் கொண்டுவந்து பூட்டினால் குலுக்கலும் குறையும். தலைகீழாகத் தொங்க ஆசைப்படுபவர்களுக்குத் தண்டோரா இருக்கவே இருக்கிறது.